அன்டிஃபைண்ட் என்றொரு பயனர்

2009-ஐக் கணினி உலகத்தின் மன்னிப்பு ஆண்டாக அறிவித்துவிடலாம். மார்ச் மாதம் லண்டனில் மேடையேறிய டோனி ஹோர், 1965-இல் ஆல்கால் டபிள்யூ மொழிக்காகத் தான் உருவாக்கிய 'நல்' என்ற வெறுமைதான் தன்னுடைய நூறு கோடி டாலர் தவறு என்று வருந்தினார். அதே ஆண்டு அக்டோபரில் டிம் பெர்னர்ஸ்-லீ, இணைய முகவரியில் கோலனை அடுத்து வரும் இரட்டைச் சாய்கோடு தேவையே இல்லாத ஒன்று என்று ஒப்புக்கொண்டார். ஒருவர் இல்லாத ஒன்றுக்காக மன்னிப்புக் கேட்டார். மற்றவர் அதிகப்படியாக இருந்த ஒன்றுக்காக. பெரிய மனிதர்கள், பெரிய மனசு.

இந்த இருவரோடும் வரிசையில் நின்றிருக்கவேண்டிய மூன்றாவது கோஷ்டி ஒன்று உண்டு. அது அன்றும் மன்னிப்புக் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. முகவரியில் இருக்கவேண்டியது இல்லாமல் போனால் என்ன செய்வது என்று யோசிக்காமலே, முகவரி விசாரிக்கும் இலாகாவைச் சர்வரிடமிருந்து பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொண்ட கோஷ்டி. ஒற்றைப் பக்கச் செயலி எழுதுகிறவர்கள். அவர்கள் ஆட்சிக்கு வந்த கதையையும், வந்தபின் '/யூஸர்ஸ்/அன்டிஃபைண்ட்' என்ற முகவரியில் ஒரு மாயப் பயனரைக் குடிவைத்த கதையையும் யாராவது வரிசையாகச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆதியில் எச்டிடிபி 0.9 இருந்தது. 1991, ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வுக்கூடம். அந்த நெறிமுறையில் கேள்வி ஒரே வரி: 'கெட்' என்று போட்டு, இடம் விட்டு, முகவரி எழுதவேண்டும். பதிலாக எச்டிஎம்எல் வரும். அவ்வளவுதான். நிலை எண் கிடையாது, தலைப்பு வரிகள் கிடையாது. கேட்ட ஆவணம் இல்லையென்றால் 'இல்லை' என்று ஒரு வாக்கியத்தை அதே எச்டிஎம்எல்லில் எழுதி அனுப்புவார்கள். துகள் இயற்பியல் கட்டுரையும், 'அப்படியொரு கட்டுரை எங்களிடம் இல்லை' என்ற செய்தியும் ஒரே மாதிரிதான் வந்து இறங்கும். மனிதன் படித்தால் வித்தியாசம் தெரியும். இயந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். இந்த இடத்தை வாசகர் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். முன்னேற்றம் என்ற பெயரில் நாம் இங்கே இன்னொரு தடவை வரப்போகிறோம்.

சீக்கிரமே அவர்களுக்குப் புத்தி வந்தது. மூன்றிலக்க நிலை எண்கள் பிறந்தன. 1996-இல் ஆர்எஃப்சி 1945 என்ற ஆவணம் எச்டிடிபி 1.0-ஐ எழுத்தில் பதிவுசெய்தபோது 200, 404, 500 எல்லாம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. அதில் இருந்த நியாயம் அழகானது. 4-இல் தொடங்கினால் தப்பு உன்னுடையது. 5-இல் தொடங்கினால் தப்பு என்னுடையது. உலகத்தில் வேறெந்த அலுவலகமும் முதல் பதிலிலேயே இவ்வளவு தெளிவாகப் பழியைப் பங்கு பிரித்துக் கொடுத்ததில்லை. செர்னில் 404 என்ற எண்ணுள்ள அறை ஒன்று இருந்தது, கோப்புகளெல்லாம் அங்கேதான் இருந்தன, அதிலிருந்துதான் இந்த எண் வந்தது என்று ஒரு கதை சுற்றுகிறது. பெர்னர்ஸ்-லீயோடு தோளோடு தோள் நின்ற ராபர்ட் கையோ இதைச் சுத்தப் பிதற்றல் என்று தள்ளிவிட்டார். இல்லாத பக்கத்தைப் பற்றிய எண்ணுக்கு இல்லாத அறையைப் பற்றிய கதை. பொருத்தம்தான்.

1993-இல், நிரலை ஓட்டிப் பக்கம் தயாரிக்கச் சர்வருக்கு வழிவிட்ட சிஜிஐ வந்தது, முகவரியில் கேள்விக்குறிக்கு மவுசு வந்தது. '?ஐடி=42' என்று எழுதினால் 42-ஆம் ஆளின் விவரம் வரும். 42-ஐ அழித்துவிட்டால்? பின்னால் இருந்த நிரல் அந்த வெற்றிடத்தை அப்படியே தரவுத்தளக் கேள்விக்குள் சொருகும். தரவுத்தளம் கோபித்துக்கொண்டு, அட்டவணைப் பெயர், கோப்புப் பாதை, வரி எண் உட்பட வீட்டு ரகசியத்தையெல்லாம் திரையில் கொட்டும். பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் இது பயங்கரம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: அந்தக் காலத்தில் 42 போன்ற ஒரு பாராமீட்டர் காணாமல் போனால் ஊருக்கே தெரிந்தது. மூடி மறைக்கும் நாகரிகம் இன்னும் வரவில்லை.

பிறகு முகவரிகளுக்கு அழகுணர்ச்சி வந்தது. 1996-இல் ரால்ஃப் எங்கல்ஷல் அப்பாச்சி சர்வருக்கு 'மாட்-ரீரைட்' எழுதினார். கேள்விக்குறியை ஒளித்துவைத்து முகவரியைச் சாய்கோடுகளால் அலங்கரிக்க முடிந்தது. 1998-இல் பெர்னர்ஸ்-லீ, நல்ல முகவரி மாறாது என்று ஒரு கட்டுரையே எழுதினார். 2004-இல் வெளியான ரூபி ஆன் ரெயில்ஸ், முகவரியில் ':ஐடி' என்று கோலன் வைத்துக் காலியிடம் விடும் வழக்கத்தைப் பரப்பியது. ரூபியில் கோலன் வைத்த சொல் ஒரு 'சிம்பல்'. அதை அப்படியே தூக்கி முகவரியில் வைத்தார்கள். அந்தக் கோலன் பிறகு ஜாவாஸ்கிரிப்ட் வீடுகளிலும் குடியேறி, இன்றுவரை வாடகை தராமல் இருந்துவருகிறது. ஆனால் ரெயில்ஸிடம் ஒரு குணம் இருந்தது. ஐடி இல்லாமல் லிங்க் கட்டச் சொன்னால் கட்டாது. இன்ன சாவி இல்லை என்று பெயரைச் சொல்லிக் கத்தும், பக்கத்தையே தராது. இந்தப் பிடிவாதத்தை மட்டும் கோலனோடு சேர்த்து யாரும் கடன் வாங்கவில்லை.

இப்போது வில்லனின் பிறப்புக்குப் போவோம். 1995 மே மாதம், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பிரெண்டன் ஐக் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்டின் முதல் வடிவத்தை முடித்துக் கொடுத்தார். டோனி ஹோர் ஒரே ஒரு வெறுமையைக் கண்டுபிடித்துவிட்டு நாற்பது வருஷத்துக்கும் மேலாக மனம் புழுங்கினார். ஐக் பத்து நாளில் இரண்டு வெறுமைகளை வைத்தார்: ஒன்று நல், இன்னொன்று அன்டிஃபைண்ட். முதலாவது, இங்கே ஒன்றும் இல்லை என்று வேண்டுமென்றே சொல்வது. இரண்டாவது, இங்கே ஏதாவது இருக்கவேண்டுமா என்றே யாருக்கும் ஞாபகம் இல்லை என்பது. இன்னும் வேடிக்கை, 'அன்டிஃபைண்ட்' என்ற உலகளாவிய பெயருக்கே வேறு மதிப்பைத் தூக்கிக் கொடுத்துவிட முடிந்தது. இல்லாமையை இருப்பாக்கும் அந்த ஓட்டையை, ஜாவாஸ்கிரிப்டின் தரநிலையான எக்மாஸ்கிரிப்டின் ஐந்தாம் பதிப்புதான் அடைத்தது. எந்த ஆண்டு என்று கேளுங்கள். 2009, டிசம்பர்.

அன்டிஃபைண்டின் முக்கியமான சித்தி ஒன்று உண்டு: எந்த எழுத்துச் சரத்தோடு ஒட்டவைத்தாலும் தன் பெயரையே எழுத்தாக மாற்றிக்கொண்டு ஒட்டிக்கொள்ளும். '/யூஸர்ஸ்/' என்பதோடு இல்லாத ஐடியைக் கூட்டினால் பிழை வராது, எச்சரிக்கை வராது. '/யூஸர்ஸ்/அன்டிஃபைண்ட்' என்று பார்க்க லட்சணமான ஒரு முகவரி வரும். முகவரியில் பயன்படுத்தத் தகாத எழுத்துகளைச் சுத்தம் செய்யும் 'என்கோட்யூஆர்ஐ-கம்போனன்ட்' என்ற சடங்கைச் செய்தாலும், அன்டிஃபைண்ட் குளித்து முழுகி அதே பெயரோடு வெளியே வரும். இப்படித்தான் நம் கதாநாயகர் பிறந்தார். அவருக்குக் கடவுச்சொல் கிடையாது, மின்னஞ்சல் கிடையாது. ஆனால் உலகத்துச் சர்வர்களின் பதிவேடுகளில் அவரைத் தேடி வந்தவர்களின் தடம் இருந்துகொண்டே இருக்கும்.

இருந்தாலும், முகவரி சர்வர் கையில் இருந்தவரை அவரால் பெரிய தொந்தரவு இல்லை. சர்வர் தேடிப் பார்க்கும், அப்படி யாரும் இல்லை என்று 404 சொல்லும், கதை முடிந்தது. ஆட்சி மாற்றம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. பக்கத்தை மாற்றாமலே தகவல் இழுக்கும் எக்ஸ்எம்எல்-எச்டிடிபி-ரிக்வெஸ்ட், அவுட்லுக்கின் இணைய வடிவத்துக்காக மைக்ரோசாஃப்டில் உருவாகி, 1999-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5-இல் ஏறியது. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் வந்தது. தேதியைப் பார்த்துப் பலர் விளையாட்டு என்று நினைத்தார்கள். 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் இந்த உத்திகளுக்கு 'ஏஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். பெயர் வைத்த பிறகு கேட்கவேண்டுமா, ஊரெல்லாம் அதே பேச்சு. பக்கம் புதிதாக ஏறவேண்டாம், வெள்ளைத் திரை மின்னவேண்டாம். ஒரே ஒரு பக்கம், அதற்குள் உலகம்.

ஒரே ஒரு சிக்கல். உலகம் முழுவதற்கும் ஒரே முகவரி. பேக் பட்டனை அழுத்தினால் முந்தைய திரைக்குப் பதில் முந்தைய வலைத்தளத்துக்கே போய்விடும். நண்பருக்கு லிங்க் அனுப்பினால் அவர் வாசலில் நிற்பார்.

அப்போது ஒரு மேதை, யாரென்று வரலாறு காட்டிக்கொடுக்கவில்லை, முகவரியின் வாலில் இருந்த ஹேஷ் குறியைக் கண்டுகொண்டார். ஒரே பக்கத்துக்குள் மூன்றாம் அத்தியாயத்துக்குக் குதிக்க வைத்திருந்த குறி அது. அதை மாற்றினால் பக்கம் மறுபடி ஏறாது, ஆனால் வரலாற்றில் பதிவாகும். ஆஹா! அதற்குப் பின்னால் முழு முகவரியையும் எழுதிக்கொண்டார்கள். ஹேஷ் மாறியதா என்று தெரிந்துகொள்ள முதலில் வழியே இல்லை. கடிகாரம் வைத்துக்கொண்டு நொடிக்குப் பல தடவை எட்டிப் பார்த்தார்கள். மாறியதும் சொல்லியனுப்பும் வசதி 2009-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8-இல் வந்தது. ஆமாம், எல்லோரும் திட்டும் அந்த எக்ஸ்புளோரர்தான்.

ஹேஷுக்குப் பின்னால் இருப்பதைப் பிரவுசர் ஒருபோதும் சர்வருக்கு அனுப்பாது. உறையின் மேல் தெருப் பெயரை மட்டும் எழுதி, கதவு எண்ணை உள்ளே கடிதத்தில் எழுதுவது போல. தபால்காரர் தெருமுனையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். உறையைப் பிரித்து வீட்டைக் கண்டுபிடிப்பது தெருவின் பொறுப்பு. ஆகவே காணாமல்போன பாராமீட்டருக்கு 404 சொல்ல அதிகாரமுள்ள ஒரே அதிகாரிக்கு விஷயமே தெரியாது. அவரிடம் கேட்டதெல்லாம் முகப்புப் பக்கம், அது இருக்கிறது, 200, எல்லாம் நலம்.

தேடுபொறிகளுக்கும் இதே குருட்டுத்தனம் என்பதால் 2009-இல் கூகுள் ஒரு பரிகாரம் சொன்னது: ஹேஷுக்குப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போடுங்கள், நாங்கள் அதை வேறு மாதிரி மாற்றிச் சர்வரிடம் கேட்டுக்கொள்கிறோம். ஹேஷ்பேங் பிறந்தது. 2010-இல் ட்விட்டர் தன் புது வடிவத்தில் இதைச் சுமந்தது. 2011 தொடக்கத்தில் காக்கர் நிறுவனத்தின் தளங்கள் எல்லாம் இதற்கு மாறின. பிப்ரவரி 7, திங்கட்கிழமை, ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோளாறு. லைஃப்ஹேக்கர் உட்பட அந்தக் குடும்பத்துத் தளங்கள் மொத்தமாகப் படுத்தன. கட்டுரைகள் சர்வரில் பத்திரமாகத்தான் இருந்தன; எந்தக் கட்டுரை வேண்டும் என்ற தகவல்தான் யாரிடமும் போய்ச் சேரவில்லை. ஒரு பாராமீட்டர் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறோம். அன்று ஒரு பதிப்பகத்தின் எல்லாப் பாராமீட்டரும் சேர்ந்து காணாமல் போயின. 2012-இல் ட்விட்டர் ஹேஷ்பேங்கைக் கைகழுவியது. 2015-இல் கூகுளும் தன் பரிகாரத்தைத் திரும்பப் பெற்றது. ஆனால் அந்த நாட்களில் பகிரப்பட்ட லிங்க்குகளைச் சர்வரால் திருப்பி அனுப்பக்கூட முடியாது. அதற்குத்தான் வால் தெரியாதே. ஹேஷ்பேங்குக்கு மாறியவர்கள் முகப்புப் பக்கத்தில் ஒரு துண்டு ஜாவாஸ்கிரிப்டைக் காலகாலத்துக்கும் காவலுக்கு நிறுத்தவேண்டியதாயிற்று.

இதற்குள் பிரவுசர்களில் 'புஷ்ஸ்டேட்' வந்துவிட்டது. ஹேஷ் இல்லாமலே முகவரியை மாற்றலாம், பக்கம் ஏறாது. சுத்தமான முகவரிகள் திரும்பின. ஆனால் யாராவது '/யூஸர்ஸ்/42' என்ற பக்கத்தில் ரெஃப்ரெஷ் அழுத்தினால் கேள்வி சர்வருக்குப் போகும், அங்கே அப்படியொரு கோப்பு இருக்காது, 404 வரும். இதைச் சரிசெய்ய ஊரெல்லாம் ஒரு மந்திரத்தை நகலெடுத்து ஒட்டினார்கள். எஞ்சின்-எக்ஸ் சர்வரில் 'ட்ரை-ஃபைல்ஸ்' என்று தொடங்கும் அந்த வரி சொல்வது இதுதான்: கேட்ட கோப்பு இருந்தால் கொடு, இல்லையென்றால், எது கேட்டாலும் சரி, இண்டெக்ஸ் பக்கத்தைக் கொடு. 200 என்று சொல்லிக் கொடு.

முன்பு நினைவில் வைக்கச் சொன்ன இடம் வந்துவிட்டது. இருக்கிற பக்கத்துக்கும் 200, இல்லாத பக்கத்துக்கும் 200. வித்தியாசம் வேண்டுமென்றால் திரையில் உள்ள வாக்கியத்தை மனிதன் படித்துத் தெரிந்துகொள்ளவேண்டும். இருபது ஆண்டு உழைப்பில் எச்டிடிபி 0.9-ஐ மீட்டெடுத்துவிட்டோம். கூகுள் இதை 'சாஃப்ட் 404' என்று அழைக்கிறது.

ஆட்சி கைமாறியது. இனி இல்லை என்று சொல்லவேண்டியவர், பிரவுசருக்குள் முகவரியைப் பார்த்துத் திரையைத் தேர்ந்தெடுக்கும் ரூட்டர். 2010 அக்டோபரில் ஜெரமி ஆஷ்கெனாஸ் வெளியிட்ட பேக்போன், பிறகு ஆங்குலர், எம்பர், ரியாக்ட் ரூட்டர், வியூ ரூட்டர் என்று அரச பரம்பரை நீண்டது. எல்லோருமே வழி காட்டுவதில் கெட்டிக்காரர்கள். வழி இல்லாதபோது என்ன செய்வது என்பதில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேதம். பழைய ஆங்குலரில் 'அதர்வைஸ்' என்று ஒரு விதி. பொருந்தாத முகவரி எது வந்தாலும் முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடு என்று அதற்குக் கட்டளையிடுவது வழக்கம். பயனர் தன் ரசீதைத் தேடி வருகிறார். விளக்கம் எதுவும் இல்லாமல் வரவேற்புப் படத்துக்கு முன் நிற்கிறார். தான் ஏதோ தப்பாக அழுத்திவிட்டதாக நினைத்து மறுபடி முயல்கிறார். மறுபடி வரவேற்பு. தலைவர் வீட்டு வாசலில்கூட ஏன் பார்க்க முடியாது என்று உதவியாளர் ஒரு காரணம் சொல்வார்.

2016-இல் புதிய ஆங்குலர் அணி ஒரே ஆண்டில் ஒரு ரூட்டரைக் கைவிட்டு, இரண்டாவதை எழுதி, அதையும் கைவிட்டு, மூன்றாவதை எழுதியது. ரியாக்ட் ரூட்டரோ விருப்பப் பாராமீட்டர் என்ற விஷயத்தில் ஒரு நாடகமே ஆடியது. ஐடி இருந்தாலும் சரி இல்லாவிட்டாலும் சரி என்று சொல்ல, முதலில் அடைப்புக்குறி. நான்காம் பதிப்பில் கேள்விக்குறி. 2021-இல் வந்த ஆறாம் பதிப்பில் அந்த வசதியே ரத்து. 2022 கடைசியில், ஆறு புள்ளி ஐந்தில், கேள்விக்குறி மறுபிறவி. விருப்பப் பாராமீட்டர் என்ற வசதியே விருப்பத்துக்கு வந்து போயிற்று.

வியூ ரூட்டர் கதை இன்னும் ருசி. அதன் மூன்றாம் பதிப்பில், ஐடி இல்லாமல் லிங்க் கட்டினால், எழுதுகிறவரின் கணினியில் மட்டும் ஒரு முணுமுணுப்பு வரும். மக்கள் பயன்படுத்தும் தளத்தில் அதுவும் கிடையாது. நான்காம் பதிப்பு அப்படியே மறுகோடிக்குப் போய், தேவையான பாராமீட்டர் இல்லை என்று பிழையைத் தூக்கி எறிந்தது. பக்கத்தின் ஓரத்தில் இருந்த ஒரு சின்ன லிங்க்குக்கு ஐடி இல்லையென்றால் பக்கமே வரையப்படாமல் நின்றது. நிறையப் பேர் அலறினார்கள். எனக்கு அந்த அலறல் பிடித்திருந்தது. ரெயில்ஸ் பதினைந்து வருஷம் முன்பே வாங்கித் தந்த அலறல்தானே.

பெரும்பாலும் இதில் ஐடி உண்மையில் தொலைவதே இல்லை. இன்னும் வந்து சேர்ந்திருக்காது. திரை முதல் தடவை வரையும்போது சர்வரிடமிருந்து பயனர் விவரம் வந்துகொண்டிருக்கும். அந்த இடைவெளியில் 'யூஸர்.ஐடி' என்று கேட்டால், யூஸரே இல்லையென்றால் பிழை, யூஸர் காலியாக இருந்தால் அன்டிஃபைண்ட். லிங்க் அதை வைத்துக் கட்டப்படும். அரை நொடியில் உண்மையான ஐடி வந்து எல்லாம் சரியாகிவிடும், அந்த அரை நொடிக்குள் யாரும் அழுத்தாதவரை. தகவல் வரும்வரை லிங்க்கை வரையாதே என்ற ஒற்றைக் கட்டளை போதும். ஆனால் நம் ஆட்கள் மருந்தை மாற்றிக் கொடுத்தார்கள். 2020-இல் மொழிக்குள் வந்த கேள்விக்குறிப் புள்ளியை எல்லா இடத்திலும் தெளித்தார்கள். பயனர் இல்லையென்றால் கோபப்படாதே, சும்மா இரு என்பது அதன் பொருள். பிழை நின்றது. திரை 'வணக்கம்,' என்று சொல்லி, காற்புள்ளிக்குப் பின்னால் யாருமில்லாமல் நின்றது. டைப்ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களிடம் இதைவிடத் துணிச்சலான ஆயுதம் இருக்கிறது: இந்த மதிப்பு இல்லாமலும் போகலாம் என்று அது எச்சரித்தால், பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டு, எனக்குத் தெரியும் நீ சும்மா இரு என்று சத்தியம் செய்யலாம். ஹேஷ்பேங்கில் வேலையிழந்த ஆச்சரியக்குறிக்கு மறுவாழ்வு கிடைத்தது.

2022 ஆகஸ்டில் வியூ ரூட்டர் இன்னொரு குட்டை உடைத்தது. முகவரியில் இடமே ஒதுக்காத பாராமீட்டரைப் பலர் கள்ளத்தனமாக ஒரு திரையிலிருந்து இன்னொரு திரைக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். அழுத்தினால் வேலை செய்யும். ரெஃப்ரெஷ் செய்தால் முகவரியில் இல்லாத சரக்கு ஆவியாகிவிடும். அந்த ஆகஸ்டில் வந்த சிறு பதிப்பு, அறிவிக்காத பாராமீட்டரை எல்லாம் வாசலிலேயே பறித்துக் குப்பையில் போட ஆரம்பித்தது. புலம்பல் கொஞ்சநஞ்சம் இல்லை. முகவரியில் இல்லாதது நண்பருக்கு அனுப்பும் லிங்க்கிலும் இருக்காது என்ற 2005-ஆம் ஆண்டுப் பாடம் அப்போதுதான் சிலருக்கு நடத்தப்பட்டது.

காணாமல் போவதில் வகைகள் உண்டு, அவற்றை ஒரே மருந்தால் தீர்க்கப் போனதுதான் பாதிக் குழப்பம். '/யூஸர்ஸ்/' என்று ஐடி இல்லாமலே வந்தவருக்குப் பயனர் பட்டியலைக் காட்டலாம், கௌரவமான பதில் அது. ஆனால் அதே வெற்றிடம் பின்னாலுள்ள தரவுச் சர்வருக்குப் போனால் விபரீதம்: ஓர் ஆளின் விவரம் கேட்கப் போய், வெற்றுச் சரத்தை ஒட்டியதால், மொத்தப் பட்டியலும் வரும். கேட்டது நீக்கும் கட்டளையாக இருந்து, சர்வரும் தலையாட்டியிருந்தால், மேற்கொண்டு சொல்லவேண்டாம். வெற்றுச் சரத்தை எண்ணாக மாற்றினால் ஜாவாஸ்கிரிப்ட் 0 என்று சொல்லும். அன்டிஃபைண்டை மாற்றினால் 'எண் அல்ல' என்று சொல்லும். ஆக, சோதனையில் ஒருவர் மாட்டினால் மற்றவர் தப்பிப்பார்.

அன்டிஃபைண்ட் பெயரோடு வருகிறவரை வாசலிலேயே நிறுத்தவேண்டும். ஐடி என்றால் இலக்கம் மட்டும் என்று வழியிலேயே எழுதிவைக்க வியூ ரூட்டரில் இடம் உண்டு; ரியாக்ட் ரூட்டர் ஆறாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள், திரைக்குள் நாமே சோதிக்கவேண்டும். '/யூஸர்ஸ்/நியூ' என்ற புதிய பயனர் படிவத்தை ':ஐடி'க்குக் கீழே எழுதியவர்களுக்கும் இதே சோதனை உதவியிருக்கும். மேலிருந்து கீழாகப் பொருத்திய பழைய ரூட்டர்கள் 'நியூ' என்பவரை ஓர் ஆளாக நினைத்துத் தரவுத்தளம் முழுக்கத் தேடின. இப்போதைய ரியாக்ட், வியூ ரூட்டர்கள் மதிப்பெண் போட்டு நிலையான சொல்லுக்கு முன்னுரிமை தருகின்றன, அதனால் 'நியூ' பிழைத்தார்.

மூன்றாவது, எண் சரி, ஆள்தான் இல்லை. கணக்கை முடித்துக்கொண்டு போனவர். இங்கே ரூட்டர் குற்றவாளி அல்ல. தரவுச் சர்வர் சொல்லும் 404-ஐக் கேட்டுத் திரையில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். அதையும் சொதப்ப வழி கண்டார்கள். 42-லிருந்து 43-க்குப் போகும்போது ரூட்டர் புதுத் திரை கட்டாது, இருக்கிற திரையையே மறுபடி பயன்படுத்தும். ஐடி மாறியதைக் கவனிக்காத திரை, 43 என்ற முகவரியின் கீழ் 42-ஆம் ஆளின் படத்தைச் சிரித்த முகத்தோடு காட்டிக்கொண்டிருக்கும்.

திருப்பி அனுப்புகிறவர்கள் செய்யும் ஒரு கொடுமையும் உண்டு. ஐடி இல்லாமல் வந்தவரைப் பட்டியலுக்கு அனுப்பும்போது, பழைய முகவரியை மாற்றி எழுதாமல் அதன்மேல் புதியதை அடுக்கிவிடுவார்கள். பயனர் பேக் பட்டனை அழுத்துவார், ஐடி இல்லாத முகவரிக்குப் போவார், உடனே பட்டியலுக்குத் தள்ளப்படுவார், மறுபடி அழுத்துவார். 'ரீப்ளேஸ்' என்று ஒரு சொல் எழுதியிருந்தால் வெளியே வந்திருப்பார். இப்போதைக்கு அவர் பிரவுசரை மூடினால்தான் விடுதலை.

தமிழில் முகவரி வைக்கிறவர்களுக்குத் தனிக் கண்டம். முகவரியில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்றெழுத்தாகும். 'தமிழ்' என்ற சொல் மட்டும் நாற்பத்தைந்து எழுத்து நீளும். இப்படி நீண்ட லிங்க்கைச் செய்தியில் ஒட்டும்போது நடுவில் அறுபட்டால், அரை எழுத்தோடு வந்து நிற்கும் பாராமீட்டரைப் பிரித்துப் படிக்கப்போன ஜாவாஸ்கிரிப்ட் பிழை எறியும். இல்லாத பாராமீட்டரைவிட அரைகுறைப் பாராமீட்டர் பொல்லாதது. இல்லையா என்று சோதித்தால் இருக்கிறது என்றே பதில் வரும்.

2022 செப்டம்பரில் ரியாக்ட் ரூட்டர் 6.4, 'லோடர்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. திரை வருவதற்கு முன்பே தகவலைத் தேடு. ஆள் இல்லையென்றால் 404 பதிலைத் தூக்கி எறி. பிழைத் திரை அதைப் பிடித்துக்கொள்ளும். நல்ல ஏற்பாடு, நான் கேலி செய்யவில்லை. ஆனால் ஒற்றைப் பக்கச் செயலியில் இது நடக்கும் இடத்தைப் பாருங்கள். பிரவுசருக்குள்ளேயே 404-ஐத் தயாரித்து, பிரவுசருக்குள்ளேயே எறிந்து, பிரவுசருக்குள்ளேயே பிடிக்கிறார்கள். சர்வர் அதற்கு வெகுமுன்பே 200 சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருக்கும்.

சரி, வேலையைச் சர்வரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. நெக்ஸ்ட்.ஜேஎஸ் போன்றவை பக்கத்தைச் சர்வரிலேயே வரைகின்றன. ஆள் இல்லையென்றால் 'நாட்ஃபவுண்ட்' என்று அழைக்கலாம், உண்மையான 404 போகும். பரம்பரைச் சொத்து உரியவரிடம் சேர்ந்தது என்று நிம்மதியாகலாம். இதற்கிடையில் வேகத்துக்காக 'ஸ்ட்ரீமிங்' வந்துவிட்டது. பக்கம் முழுதும் தயாராகக் காத்திருக்காமல், தயாரான பகுதியை உடனே அனுப்பத் தொடங்கும் முறை. அனுப்பத் தொடங்கும்போது முதலில் போவது நிலை எண். ஆள் இருக்கிறாரா என்று தெரியும் முன்பே 200 புறப்பட்டுப் போய்விடும். பிறகு தேடிப் பார்த்து, இல்லை என்று தெரிந்தால், போன எண்ணைத் திரும்பக் கூப்பிட முடியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 'இங்கே யாருமில்லை' என்ற திரையோடு, தேடுபொறியே இந்தப் பக்கத்தைக் குறித்துக்கொள்ளாதே என்று ஒரு மெட்டா டேகைச் சேர்த்து அனுப்புகிறார்கள், 200 என்ற அந்த எண்ணுக்குப் பின்னாலேயே.